பங்க் ராக் திரைப்படங்களும் தகுதி வழக்கும்: சொல் தணிக்கையின் வரலாறு

1. முன்னுரை

1970களின் நடுப்பகுதியில் நியூயார்க்கிலும் இலண்டனிலும் உருப்பெற்ற ‘பங்க் ராக்’ இசை இயக்கம், தோன்றிய சில ஆண்டுகளுக்குள்ளாகவே திரைப்படத்திலும் இடம்பெற்றது. அப்படங்களின் உடை, முடியலங்காரம், மேடை நடத்தை ஆகியன பற்றி இசை வரலாற்றாசிரியர் பலர் விரிவாக எழுதியுள்ளனர். அவற்றில் வழங்கிய சொற்கள் நீதிமன்றத்திலும் தொலைக்காட்சியிலும் தணிக்கை அலுவலகத்திலும் எவ்வாறு கையாளப்பட்டன என்பது மொழியியலாரும் மொழிபெயர்ப்பாளரும் கருத வேண்டிய செய்தியாகும். இந்தியாவில் பங்க் திரைப்படம் என்றொரு தனி வகை வளரவில்லை. எனினும் அதற்கு அணுக்கமான படங்கள் சில எழுந்து, அதே சிக்கலை எதிர்கொண்டன. இவ்விரு வரலாறுகளையும் தமிழ் இலக்கண மரபு கூறும் ‘தகுதி வழக்கு’ என்னும் கருத்தின் துணைகொண்டு ஒருங்கு நோக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. தகுதி வழக்கு

13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல், தகுதி வழக்கை இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என மூவகைப்படுத்துகிறது. அவையிற் கூறத்தகாத சொல்லை மறைத்துப் பிறிதொரு சொல்லாற் கூறுவது இடக்கரடக்கல். மங்கலமற்றதை மங்கலமாகக் கூறுவது மங்கலம். ஒரு குழுவினர் ஏதேனும் ஒரு காரணம்பற்றித் தமக்குள் வழங்கும் குறிச்சொல் குழூஉக்குறி. பொற்கொல்லர் பொன்னைப் ‘பறி’ என்பதும், யானைப்பாகர் ஆடையைக் ‘காரை’ என்பதும் உரையாசிரியர் காட்டும் சான்றுகள்.

இங்கு இரண்டு செய்திகள் நோக்கத்தக்கன. ஒன்று, இடக்கரடக்கல் கேட்போரை முன்னிட்டது. குழூஉக்குறி பேசுவோரை முன்னிட்டது. மற்றொன்று, ஒரே சொல் ஒரு குழுவுக்குக் குழூஉக்குறியாகவும் வெளியாருக்கு இடக்கராகவும் அமைதல் கூடும். பங்க் திரைப்படங்களின் சொற்கள் பெரும்பாலும் இவ்விரண்டாம் நிலையில் உள்ளவை. வெளியாரின் செவியை மட்டும் அளவுகோலாகக் கொண்டு அவற்றைத் திருத்தும்போது, பேசுவோரின் குழு அடையாளம் அழிந்துவிடுகிறது என்பதே இக்கட்டுரையின் கருத்து.

3. ‘பங்க்’ என்னும் பெயர்

இயக்கத்தின் பெயரே இதற்கு முதற்சான்று. ஷேக்ஸ்பியர் காலத்து ஆங்கிலத்தில் ‘பங்க்’ என்பது பரத்தையைக் குறித்தது. அவருடைய ‘மெஷர் ஃபார் மெஷர்’ நாடகத்தில் இப்பொருளிலேயே வருகிறது. பின்னர் அமெரிக்கச் சிறைச்சாலை வழக்கில் பாலியல் இழிவுப் பொருள் பெற்று, அதன்பின் பயனற்றவன், சில்லறைப் போக்கிரி என்னும் பொருள்களில் வழங்கியது. 1970களின் தொடக்கத்தில் அமெரிக்க இசை விமர்சகர் சிலர் ஒருவகை ராக் இசைக்கு இதனை அடைமொழியாக்கினர். 1976 ஜனவரியில் நியூயார்க்கில் இப்பெயரையே தலைப்பாகக் கொண்ட இதழ் ஒன்றும் வெளிவந்தது. பிறர் இட்ட வசைப்பெயரைக் குழுவினர் தம் பெயராக ஏற்றுக்கொண்ட நிகழ்வு இது.

தமிழில் இச்சொல்லை எழுத்துப்பெயர்க்கும்போது வேறொரு நிலை எழுகிறது. எரிபொருள் நிலையத்தைக் குறிக்கும் பெட்ரோல் பங்க், முடிதிருத்தகங்களில் வழங்கிய ‘பங்க்’ என்னும் முடிவெட்டு, இந்த இசை ஆகிய மூன்றும் ஒரே எழுத்து வடிவம் பெறுகின்றன. ஒலிப்புடைய, ஒலிப்பிலா ஒலிகளைத் தமிழ் எழுத்து வேறுபடுத்தாமையே காரணம். ஆகவே இப்பெயரின் வசைப்பொருள் தமிழ் வாசகருக்குத் தானே எட்டுவதில்லை. மொழிபெயர்ப்பாளர் அதனை ஓரிடத்திலேனும் விளக்கியாக வேண்டும்.

4. நீதிமன்றத்தில் ஒரு சொல்

1976 டிசம்பர் 1ஆம் நாள் இலண்டன் தேம்ஸ் தொலைக்காட்சியின் மாலை நிகழ்ச்சியொன்றில் ‘செக்ஸ் பிஸ்டல்ஸ்’ குழுவினர் தோன்றினர். நெறியாளர் பில் கிரண்டி அவர்களைச் சீண்டவே, நேரடி ஒளிபரப்பில் வசைச்சொற்கள் சில வெளிப்பட்டன. மறுநாள் ‘டெய்லி மிரர்’ நாளிதழ் இதனைத் தலைப்புச் செய்தியாக்கிக் கண்டித்தது. அத்தலைப்பையே, 2000இல் ஜூலியன் டெம்பிள் அக்குழுவைப் பற்றி எடுத்த ‘த ஃபில்த் அண்ட் த ஃப்யூரி’ என்னும் ஆவணப்படத்திற்குப் பெயராகச் சூட்டினார். கண்டனச் சொல் மீண்டும் ஒருமுறை பெயராயிற்று.

1977 அக்டோபரில் வெளிவந்த அக்குழுவின் இசைத்தட்டுத் தலைப்பில் ‘பாலக்ஸ்’ என்னும் சொல் இருந்தது. விதைப்பைகளைக் குறிக்கும் பழஞ்சொல் இது. பேச்சுவழக்கில் ‘வெற்றுப் பேச்சு’ எனப் பொருள்படும். நாட்டிங்ஹாம் நகரக் கடையொன்றில் இத்தட்டு காட்சிக்கு வைக்கப்பட்டபோது, 1889ஆம் ஆண்டின் ஆபாச விளம்பரச் சட்டத்தின்கீழ் வழக்குத் தொடரப்பட்டது. எதிர்த்தரப்புக்காக வழக்குரைஞர் ஜான் மார்ட்டிமர் வாதாடினார். நாட்டிங்ஹாம் பல்கலைக்கழக ஆங்கிலப் பேராசிரியர் ஜேம்ஸ் கின்ஸ்லி சான்றுரைத்தார். அச்சொல்லின் நெடிய வரலாற்றையும், அது சமயக் குருமாரின் பட்டப்பெயராக வழங்கி, வெற்றுப் பேச்சு என்னும் பொருளுக்கு வந்த வழியையும் அவர் விளக்கினார். அவரே திருச்சபைக் குருவாகவும் இருந்தவர். வழக்கு தள்ளுபடியாயிற்று. சொல்லின் வரலாறு அதன் இன்றைய வழக்கைத் தீர்மானிக்கும் சான்றாக ஒரு நீதிமன்றத்தில் ஏற்கப்பட்டமையால், இவ்வழக்கு மொழியியலாருக்குப் பயனுடையது.

5. மேனாட்டுத் திரைப்படங்கள்

ஜமைக்கப் பெற்றோருக்கு இலண்டனில் பிறந்த டான் லெட்ஸ், 1977இல் ‘ராக்ஸி’ மன்றத்தில் இசைத்தட்டு இயக்குநராக இருந்துகொண்டே 8 மி.மீ. படச்சுருளில் அங்கு நிகழ்ந்தவற்றைப் பதிவு செய்தார். அப்பதிவுகள் 1978இல் ‘த பங்க் ராக் மூவி’யாக வெளிவந்தன. அதே ஆண்டு டெரெக் ஜார்மன் இயக்கிய ‘ஜூபிலி’ வெளிவந்தது. முதலாம் எலிசபெத் அரசி தம் காலத்திலிருந்து 1970களின் சிதைந்த இலண்டனுக்கு வந்து காண்பதாக அமைந்த கதை இது. வன்முறையும் வெளிப்படையான பாலியற் காட்சிகளும் மிகுந்த இப்படத்தில், எலிசபெத் காலத்து உயர்நடையும் தெருவோர வசைநடையும் அடுத்தடுத்து ஒலிக்கின்றன. அவ்விரண்டையும் ஒரே நடையில் மொழிபெயர்த்தால் படத்தின் அமைப்பே குலையும். பங்க் இயக்கத்தின் ஆடை வடிவமைப்பாளர் விவியன் வெஸ்ட்வுட் இப்படத்தைக் கண்டித்துத் திறந்த மடல் எழுதி அதனைச் சட்டையொன்றில் அச்சிட்டு வெளியிட்டமையும் இங்குக் குறிக்கத்தக்கது. எதிர்ப்பு வெளியாரிடமிருந்து மட்டும் வரவில்லை.

‘த கிளாஷ்’ குழுவைப் பின்புலமாகக் கொண்ட ‘ரூட் பாய்’ 1980இல் வந்தது. இத்தலைப்பை ‘மரியாதையற்ற பையன்’ எனப் பெயர்ப்பது பிழை. 1960களில் ஜமைக்காவின் கிங்ஸ்டன் நகர இளைஞர் தமக்கு வழங்கிய பெயர் அது. குடியேறியோர் வழி இலண்டன் சென்றது.

1981இல் பெனலோப் ஸ்பீரிஸ் வெளியிட்ட ‘த டிக்ளைன் ஆஃப் வெஸ்டர்ன் சிவிலைசேஷன்’ லாஸ் ஏஞ்சலிஸ் நகரக் குழுக்களைப் பற்றியது. அதனை மீண்டும் திரையிட வேண்டாமென அந்நகரக் காவல்துறைத் தலைவரே கேட்டுக்கொண்டார். ஆங்கிலப் பாடல்களின் சொற்கள் ஆங்கிலத்திலேயே துணையுரையாக இப்படத்தில் தரப்பட்டன. குழுவினரின் பேச்சு தம்மொழியாளருக்கே விளங்காது என்பதை இயக்குநர் உணர்ந்திருந்தார் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

அலெக்ஸ் காக்ஸ் இயக்கிய ‘ரெப்போ மேன்’ (1984) தொலைக்காட்சிக்காகத் திருத்தப்பட்டபோது, தாயைச் சுட்டும் கடும் வசையொன்று ‘மெலன் ஃபார்மர்’, அதாவது முலாம்பழ உழவன், என மாற்றப்பட்டது. அசை எண்ணிக்கையும் உதட்டசைவும் ஏறத்தாழப் பொருந்தும்படி அமைந்த இவ்விடக்கரடக்கல், தன் பொருத்தமின்மையாலேயே நகைப்பூட்டித் தணிக்கையைச் சுட்டிக்காட்டியது. நாளடைவில் திரைப்பட ஆர்வலரிடையே அதுவும் ஒரு குழூஉக்குறியாயிற்று. மறைப்பதற்கென வந்த சொல், தான் மறைத்ததையே நினைவூட்டும் சொல்லாக மாறியது.

6. இந்தியத் தணிக்கையும் மூன்று படங்களும்

இந்தியாவில் திரைப்படச் சான்றளிப்பு 1952ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் நடைபெறுகிறது. 1991 டிசம்பரில் அறிவிக்கப்பட்ட வழிகாட்டு நெறிகள், கீழான உணர்வுகளைத் தூண்டும் இரட்டைப் பொருட் சொற்களை அனுமதிக்கலாகாது என்கின்றன. ஒரு சொல்லின் இரண்டாம் பொருள் எங்குத் தோன்றுகிறது, யாருக்குத் தோன்றுகிறது என்னும் பொருண்மையியல் வினா இவ்வாறு நிருவாக வினாவாயிற்று. 2015 பிப்ரவரியில் ஆங்கில, இந்தி வசைச்சொற்களின் பட்டியலொன்றை வாரியம் சுற்றுக்கு விட்டது. எதிர்ப்பின் காரணமாக அது நிறுத்திவைக்கப்பட்டது. சூழலை நீக்கிச் சொல்லை மட்டும் பட்டியலிடும் முறையின் எல்லையை இந்நிகழ்ச்சி காட்டிற்று.

அனுராக் காஷ்யப் முதன்முதலில் இயக்கிய இந்திப் படம் ‘பாஞ்ச்’. ராக் இசைக்குழுவொன்றைச் சேர்ந்த இளைஞர் குற்றத்தில் வீழ்வதைக் கூறும் இப்படம், புணேயில் 1976-77இல் நிகழ்ந்த தொடர்கொலைகளைத் தழுவியது. வன்முறை, போதைப்பொருள், வசைமொழி ஆகியன காட்டித் தணிக்கை வாரியம் தடுத்தது. வெட்டுகளுக்குப் பின் அனுமதி கிடைத்தும், தயாரிப்புத் தரப்பின் இடர்களால் பல ஆண்டுகள் திரைக்கு வரவில்லை.

கௌசிக் முகர்ஜி ‘க்யூ’ என்னும் பெயரில் இயக்கிய வங்காளப் படம் ‘காண்டு’ (2010). பெரும்பாலும் கறுப்பு-வெள்ளையில் அமைந்த இப்படம், கொல்கத்தாவில் ராப் பாடகனாக விரும்பும் இளைஞனைப் பற்றியது. வெளிப்படையான பாலியற் காட்சியும் இதில் உண்டு. பெர்லின் திரைப்பட விழாவிற் காட்டப்பெற்ற இது, இந்தியாவில் பொதுத் திரையரங்குகளில் வெளியாகவில்லை. இதன் தலைப்பு வங்காளத்திலும் இந்தியிலும் கடும் வசை. அதே ஒலி சென்னைப் பேச்சுவழக்கில் எரிச்சலைக் குறிக்கும். எவரும் அதனை இடக்கராகக் கருதுவதில்லை. மைசூரிலோ, உரோமன் எழுத்தில் அத்தலைப்பைக் காணும் கன்னடர் குற்றுயிர் கொண்ட தம் சொல்லாகவே அதனைப் படித்தல் கூடும். கன்னடத்தில் அது ஆண்மகனைக் குறிக்கும். வீரனைச் சுட்டும் ‘கண்டுகலி’ என்னும் சொல் 2006இல் ஒரு கன்னடப் படத்தின் தலைப்பிலும் இடம்பெற்றது. ஒரே நாட்டில் மூன்று மொழிச் சூழல்களில் வசை, எரிச்சல், பெருமை என மும்மடங்காகப் பிரியும் வடிவத்தை எந்தப் பட்டியலால் அடக்க இயலும்?

தியாகராஜன் குமாரராஜாவின் ‘ஆரண்ய காண்டம்’ இசைக்குழுவைப் பற்றியதன்று. எனினும் வடசென்னைக் குற்றவுலகின் பேச்சை அதன் முரட்டுத்தன்மையுடன் பதிவு செய்தமையால் இங்கு இடம்பெறுகிறது. இதற்கு 52 வெட்டுகள் கோரப்பட்டன. படக்குழுவினர் தில்லியிலிருந்த மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தை நாடிய பின்னரே 2011 ஜூனில் வயதுவந்தோர்க்கான சான்றிதழுடன் வெளிவந்தது. பின்னர் அறிமுக இயக்குநருக்கான தேசிய விருதையும் பெற்றது. அத்தீர்ப்பாயம் 2021 ஏப்ரலில் கலைக்கப்பட்டது. இன்று அத்தகைய முறையீடு உயர் நீதிமன்றத்திற்கே செல்ல வேண்டும்.

7. புலம்பெயர் தமிழர் சான்று

இலண்டனிற் பிறந்து யாழ்ப்பாணத்தில் வளர்ந்து, மீண்டும் இலண்டனுக்கு அகதியாகச் சென்ற மாதங்கி அருள்பிரகாசம் ‘எம்.ஐ.ஏ.’ என்னும் பெயரில் பாடுபவர். இவரது ‘பேப்பர் பிளேன்ஸ்’ (2007) ‘த கிளாஷ்’ குழுவின் 1982ஆம் ஆண்டுப் பாடலொன்றின் இசைத்துணுக்கின்மீது அமைந்தது. அமெரிக்கத் தொலைக்காட்சியில் இப்பாடலின் துப்பாக்கி ஒலி நீக்கப்பட்டது. சொல்லல்லாத ஒலியும் இடக்கராகக் கொள்ளப்பட்டது எனலாம். ஸ்டீவ் லவ்ரிட்ஜ் இயக்கி 2018இல் வெளிவந்த இவரைப் பற்றிய ஆவணப்படம், மாதங்கி, மாயா, எம்.ஐ.ஏ. என்னும் மூன்று பெயர்களையும் தலைப்பாகக் கொண்டது.

எம்.ஐ.ஏ. என்பது போரில் காணாமற்போனவரைக் குறிக்கும் ஆங்கிலப் படைத்துறைச் சுருக்கம். அவர் வாழ்ந்த ஆக்டன் என்னும் இலண்டன் பகுதிப் பெயருடனும் சிலேடையாக இயைவது. இதனைத் தமிழாக்க முற்படுவோர் ‘காணாமற்போனோர்’, ‘காணாமல் ஆக்கப்பட்டோர்’ என்னும் இரண்டனுள் ஒன்றைத் தேர்ந்தாக வேண்டும். ‘போ’ என்னும் வினை செய்தவரைக் கூறாது விடுகிறது. ‘ஆக்கு’ என்னும் பிறவினை, செய்தவர் ஒருவர் உண்டு என்கிறது. இலங்கையில் தம் உறவினரைத் தேடும் தமிழ்க் குடும்பங்கள் பின்னையதையே வழங்குகின்றன. ஆங்கிலச் சுருக்கத்தில் இல்லாத ஒரு வழக்குரைப்பு தமிழில் தவிர்க்க இயலாததாகிறது.

8. முடிவுரை

வசைப்பெயரைத் தம் பெயராக்கிக்கொள்ளும் இயல்பு தமிழுக்கும் புதிதன்று. வருவாய்த்துறையில் பொதுப்பயன்பாட்டு நிலத்தைக் குறித்த ‘புறம்போக்கு’ பேச்சுவழக்கில் வசையாயிற்று. 2015இல் எஸ்.பி. ஜனநாதன் ‘புறம்போக்கு என்கிற பொதுவுடைமை’ எனப் படத்திற்குப் பெயரிட்டார். 2017இல் டி.எம். கிருஷ்ணா பாடிய எண்ணூர்க் கழிமுகம் பற்றிய பாடற்படம் அச்சொல்லின் முந்தைய பொருளை மீட்டது. ‘பங்க்’ என்னும் சொல்லைத் தமிழருக்கு விளக்க இதனினும் ஏற்ற உவமை அரிது.

மேற்கண்டவற்றால் மொழிபெயர்ப்பாளர் மேற்கொள்ளத்தக்க முறை ஒன்று புலப்படுகிறது. சொல்லை அடக்குமுன் அதனைப் பேசுவோர் எதற்காக வழங்குகின்றனர் என வினவ வேண்டும். பிறரைப் புண்படுத்தவெனின் அது வசை. ஏற்ற அளவில் வசையாகவே பெயர்க்கலாம், அடக்கவும் செய்யலாம். தம் குழுவை அடையாளப்படுத்தவெனின் அது குழூஉக்குறி. அதனைப் பெயராகவே நிறுத்தி விளக்கம் தருதல் வேண்டும். நீக்கப்பட்ட சொற்களை ஆய்வுப் பதிப்புகளில் குறித்துவைப்பதும் கடமையாகும்.

2021 பிப்ரவரியில் வந்த தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி, இணையவழித் திரைப்பட நிறுவனங்கள் தம் படங்களைத் தாமே வயதுவாரியாக வகைப்படுத்துகின்றன. அங்குத் தணிக்கையாளரின் கத்தரிக்கோல் இல்லை; துணையுரை எழுதுபவரின் எழுதுகோலே உள்ளது. அவர் தயங்கி எழுதும் மென்சொல் எவ்வித ஆணையுமின்றி ஒரு வெட்டாக முடியும். அவ்வெட்டு எந்தக் கோப்பிலும் பதிவாவதில்லை என்பதால், அதனைப் பின்னாளில் எவரும் எதிர்த்து முறையிடவும் இயலாது.