ஆங்கில வினையடைகள்

ஆங்கில இலக்கணத்தில் வினையடை என்பது ஒரு வினைச்சொல்லையோ, பெயரடையையோ, வேறொரு வினையடையையோ, முழு வாக்கியத்தையோ சிறப்பித்து வரும் சொல்லாகும். பள்ளிப் பாடநூல்களில் இது வினையுரிச்சொல் என்றும் அழைக்கப்படுகிறது. எவ்வாறு, எப்போது, எங்கே, எவ்வளவு ஆகிய வினாக்களுக்கு இது விடையாக அமையும். வினையடையின் வடிவமும் இடமும் தமிழிலும் ஆங்கிலத்திலும் வேறுபடுவதால் தமிழ் மாணவர்களுக்குப் பிழைகள் நேர்கின்றன.

வடிவம்

பல வினையடைகள் பெயரடையுடன் 'லி' விகுதி சேர்ந்து உருவாகின்றன (எ.கா: ஸ்லோ - ஸ்லோலி). தமிழில் பெயர்ச்சொல்லுடன் 'ஆக' சேர்வதை (அழகு - அழகாக) இதனுடன் ஒப்பிடலாம். எனினும், 'லி' என முடிவன யாவும் வினையடைகள் அல்ல. ஃபிரெண்ட்லி, லவ்லி ஆகியன பெயரடைகள். ஃபாஸ்ட், ஹார்ட் போன்றவை விகுதி பெறாமலேயே வினையடையாக வரும். 'ஐ ஒர்க்ட் ஹார்ட்' என்றால் கடுமையாக உழைத்தேன் என்று பொருள். 'ஐ ஹார்ட்லி ஒர்க்ட்' என்றாலோ உழைக்கவே இல்லை எனலாம் என்று பொருள். வேலைக்கான விண்ணப்பத்தில் இவ்வேறுபாடு முக்கியமானது.

'ஆக' வரும் இடமெல்லாம் 'லி' வராது

'கொடைக்கானல் ஏரி அழகாகத் தோன்றுகிறது' என்பதை ஆங்கிலத்தில் 'லுக்ஸ் பியூட்டிஃபுல்' என்றே எழுத வேண்டும். 'பியூட்டிஃபுல்லி' என்பது பிழை. இங்கு அழகு என்பது தோன்றும் செயலின் தன்மை அன்று, ஏரியின் தன்மை. ஃபீல், ஸ்மெல், டேஸ்ட் ஆகிய வினைகளும் இவ்வாறு வரும்போது பெயரடையையே ஏற்கும். வினைக்குப் பதிலாக 'இஸ்' இட்டுப் பார்த்துப் பொருள் பொருந்தினால் பெயரடை வரும். 'அவள் அழகாகப் பாடினாள்' என்பதில் பாடிய முறை கூறப்படுவதால் 'பியூட்டிஃபுல்லி' சரியாகும்.

வாக்கியத்தில் இடம்

* தமிழில் வினையடை பெரும்பாலும் வினைக்கு முன் வரும். ஆங்கிலத்தில் செயலின் முறையை உணர்த்தும் வினையடை பெரும்பாலும் வினைக்கோ செயப்படுபொருளுக்கோ பின் வரும். வினைக்கும் செயப்படுபொருளுக்கும் இடையில் அது பொதுவாக வராது.
* ஆல்வேஸ், ஆஃபன் போன்றவை முதன்மை வினைக்கு முன்னும், 'இஸ்', 'ஆர்' போன்றவற்றுக்குப் பின்னும் வரும். எ.கா: 'இட் ஆஃபன் ரெயின்ஸ்', 'இட் இஸ் ஆஃபன் கோல்ட்'.
* 'மட்டும்', 'தான்' ஆகியவை தாம் வரையறுக்கும் சொல்லுக்குப் பின் வரும். ஆங்கில 'ஒன்லி' பொதுவாக முன் வரும். 'நேற்றுதான் வந்தேன்' என்பது 'ஐ கேம் ஒன்லி யெஸ்டர்டே' ஆகும். 'யெஸ்டர்டே ஒன்லி ஐ கேம்' என்பது இந்தியப் பேச்சு ஆங்கிலத்தில் வழங்கினாலும் தேர்வு எழுத்தில் தவிர்க்கத்தக்கது.

பொருளில் பங்கு

வினையடையை நீக்கினாலும் பல வாக்கியங்கள் இலக்கணப்படி நிறைவாகவே இருக்கும். ஆனால் செய்தி குறைந்துவிடும். பழனி மலையிலுள்ள கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தில் ஜான் எவர்ஷெட் 1909 ஆம் ஆண்டில் கண்டறிந்த எவர்ஷெட் விளைவு இதற்குச் சான்றாகும். சூரியப் புள்ளியின் புறநிழற் பகுதியில் வளிமம் மையத்திலிருந்து ஆரத் திசையில் வெளிநோக்கிப் பாய்கிறது என்பதே அக்கண்டுபிடிப்பு. ஆங்கிலத்தில் இத்திசையைக் குறிப்பவை 'ரேடியலி', 'அவுட்வர்ட்' என்னும் வினையடைகள். இவற்றை நீக்கினால் 'வளிமம் பாய்கிறது' என்பது மட்டுமே எஞ்சும்.