எக்ஸ்பியா? விஸ்டாவா?

2001 அக்டோபரில் வெளிவந்த விண்டோஸ் எக்ஸ்பி குறைந்தது 64 எம்பி ராம் இருந்தாலே இயங்கியது. 2007 ஜனவரியில் கடைக்கு வந்த விஸ்டாவோ 512 எம்பி கேட்டது. பழைய கணினிகள் திணறின. பல பிரிண்டர்களுக்கு டிரைவர் கிடைக்கவில்லை. மென்பொருளோடு ராமும் வாங்க வேண்டுமென்றால் யாருக்குக் கட்டுப்படியாகும்? எனவே பலர் எக்ஸ்பியிலேயே தங்கினர். 2008 ஜனவரியில் நிறுத்தவிருந்த எக்ஸ்பி விற்பனையை மைக்ரோசாஃப்ட் நிறுவனமே ஜூன் வரை நீட்டித்தது.

அன்று அது சரியான கணக்குதான். ஆனால் 2009இல் விண்டோஸ் 7 வந்த பிறகும் பலர் மாறவில்லை. 2014 ஏப்ரல் 8ஆம் தேதியோடு எக்ஸ்பிக்கான பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றன. 2017 மே மாதம், கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் வான்னாகிரை உலகெங்கும் பரவியது. அப்போது எக்ஸ்பிக்கும் அவசரத் திருத்தம் வெளியிட வேண்டியதாயிற்று.

புதியது வந்ததும் மாற வேண்டும் என்பதில்லை. பழையதற்குப் பாதுகாப்பு எந்த நாளில் நிற்கிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.