கசகசாச் செடியும் கர்ப்பிணி ஹாம்ஸ்டரும்

எங்கள் கொல்லிமலையிலிருந்து கீழே இறங்க 70 கொண்டை ஊசி வளைவுகள். ஒரு கர்ப்பிணிக்குக் கால் எலும்பு முறிந்தால் அத்தனை வளைவிலும் வலியோடுதான் வர வேண்டும். "வலிக்கு ஊசி போட்டால் வயிற்றுப் பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிடுமா?" இந்தக் கேள்விக்கு விலங்குகளிடம் பதில் தேடிய கதை இது.

குழம்புக்கு அரைக்கிறோமே கசகசா, அந்தச் செடியின் பச்சைக் காயைக் கீறினால் வரும் பால்தான் அபின். அதிலிருந்து மார்பினைப் பிரித்தவர் ஜெர்மனியின் செர்டுர்னர், 19-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில். நூறு வருடம் தாண்டியும் வயிற்றுப் பிள்ளையைப் பற்றி யாரும் முறையாகச் சோதிக்கவில்லை.

கண்ணைத் திறந்தது தாலிடோமைடு. அது அபின் வகை இல்லை, தூக்க மாத்திரை. 1957-ல் ஜெர்மனியில் வந்தது. கர்ப்பிணிகள் குமட்டலுக்கும் சாப்பிட்டார்கள். 1961-ல் நிறுத்துவதற்குள் உலகெங்கும் சுமார் 10,000 குழந்தைகள் பாதிக்கப்பட்டார்கள். பிறகு சோதித்தால், எலிக்குட்டிகளில் அந்த ஊனம் தெரியவில்லை, முயல்குட்டிகளில் தெரிந்தது! 1966-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. இத்தகைய சோதனைகளுக்கு வழிமுறை வகுத்தது.

அடுத்து மார்பின். 1968-ல் ஹார்ப்பல், காட்டியெரி இருவரும் சினைச் சுண்டெலிகளுக்கு ஊசி போட்டார்கள். 1975-ல் கெபர், ஷ்ராம் ஹாம்ஸ்டர்களுக்குப் போட்டார்கள். சில குட்டிகளுக்கு மூளை மண்டையோட்டுக்கு வெளியே வளர்ந்திருந்தது.

பயமாக இருக்கிறதா? அளவைப் பாருங்கள். ஹாம்ஸ்டருக்குக் கொடுத்தது கிலோ எடைக்கு 35 முதல் 322 மி.கி. உடல் பரப்பளவை வைத்துக் கணக்கிட்டால், தினம் 60 மி.கி. எடுக்கும் மனிதரைவிட ஏறத்தாழ 5 முதல் 43 மடங்கு. அதற்காக "மனிதருக்கு ஒன்றும் ஆகாது" என்றும் சொல்ல முடியாது. 5 மடங்கு என்பது அப்படியொன்றும் பெரிய இடைவெளி இல்லையே!

சரி, மனிதர்களிடம் கேட்கலாம் என்றால், கர்ப்பிணிகளை மருந்துச் சோதனைகளில் பெரும்பாலும் சேர்ப்பதில்லை. 2015-ல் எஃப்.டி.ஏ. இருக்கிற ஆய்வுகளை அலசிவிட்டு, முடிவு சொல்ல அவை போதாது என்றது.

ஆனால் ஒன்று தெளிவு. மாதக்கணக்கில் தாய் எடுத்தால், பிறந்த குழந்தைக்கு மருந்து விட்டுப்போன அவதி வரலாம். எலும்பு முறிவுக்கு டாக்டர் ஒரு முறை போடும் ஊசி வேறு விஷயம். இரண்டையும் ஒன்றாக நினைத்து, 70 வளைவும் ஒரு பெண்ணைத் துடிக்க விடுவது நியாயமா நண்பர்களே?