மாற்றுத்திறன் குழந்தைகளின் கல்வியில் பெற்றோர் - பள்ளி ஒத்துழைப்பு

மாற்றுத்திறன் குழந்தைகளின் கல்வியில் பெற்றோர் - பள்ளி ஒத்துழைப்பு என்பது, உடல், புலன், அறிவுவளர்ச்சி ஆகியவற்றில் குறைபாடு உடைய குழந்தையின் கற்றலைத் திட்டமிடுவதிலும் நடத்துவதிலும் மதிப்பிடுவதிலும் குடும்பமும் பள்ளியும் பொறுப்பைப் பகிர்ந்துகொள்ளும் முறையாகும். பெற்றோரை அழைத்துத் தேர்ச்சி அறிக்கையில் கையொப்பம் பெறுவது மட்டும் இதில் அடங்காது. இக்கட்டுரை இம்முறையின் பொது அடிப்படைகளையும், தமிழ்நாட்டின் விருதுநகர் மாவட்டத்தில் உள்ள இராஜபாளையம், திருவில்லிபுத்தூர் (ஸ்ரீவில்லிபுத்தூர்) பகுதிகளில் அது செயற்படும் சூழலையும் விளக்குகிறது.

தேவை

குழந்தை பள்ளியில் இருப்பது ஒரு நாளின் சில மணி நேரமே. அதன் உணவு, உறக்கம், வலி, அச்சம், விருப்பம் ஆகியவற்றை அறிந்தவர்கள் வீட்டார். கற்பிக்கும் முறையையும் அவ்வயதுப் பிள்ளைகளின் வளர்ச்சி நிலையையும் அறிந்தவர் ஆசிரியர். இவ்விரு அறிவும் சேராதபோது ஓரிடத்தில் கிடைக்கும் பயன் மற்றோரிடத்தில் வீணாகிறது. சில எடுத்துக்காட்டுகள்:

* செவித்திறன் குறைபாடு: காதொலிக் கருவியைப் பள்ளியில் மட்டும் அணிந்து வீட்டில் கழற்றி வைத்தால் பேச்சு வளராது. விழித்திருக்கும் நேரம் முழுவதும் அணிவிப்பதும் மின்கலத்தை நாள்தோறும் பார்ப்பதும் வீட்டின் பொறுப்பாகின்றன.
* மூளை முடக்குவாதம்: உட்காரும் நிலை, தசைகளை நீட்டும் பயிற்சி ஆகியன இரு இடங்களிலும் ஒன்றாக இருத்தல் வேண்டும்.
* அறிவுசார் குறைபாடு: சட்டைப் பொத்தான் இடுதல், சில்லறை எண்ணுதல் போன்றவை வகுப்பில் தொடங்கி, வீட்டிலும் கடைத்தெருவிலும் பழகும்போதே நிலைபெறுகின்றன.
* ஆட்டிசம்: பேசாத குழந்தை தன் தேவையை உணர்த்தப் பயன்படுத்தும் படங்களும் சைகைகளும் இரு இடங்களிலும் மாறாதிருக்க வேண்டும்.

செய்தி பள்ளியிலிருந்து வீட்டுக்கு மட்டும் செல்வதன்று. வலிப்புக்கு மருந்து உண்ணும் குழந்தை காலை வகுப்பில் அயர்ந்திருப்பதன் காரணத்தைப் பெற்றோர் தெரிவித்தால், ஆசிரியர் அதனைச் சோம்பலாகக் கருதமாட்டார்.

வரலாறு

அமெரிக்காவின் விசுக்கான்சின் மாநிலத்தில் உள்ள போர்ட்டேச் என்னும் ஊரில் 1969 இல் தொடங்கிய திட்டத்தில், பயிற்சி பெற்ற பணியாளர் வீடுகளுக்குச் சென்று, குழந்தைக்குக் கற்பிக்கும் முறையைப் பெற்றோருக்குக் காட்டினார். இம்முறை பின்னர்ப் பல நாடுகளுக்குப் பரவியது. 1975 இல் இயற்றப்பட்ட அமெரிக்கச் சட்டம், ஒவ்வொரு குழந்தைக்கும் தனியாள் கல்வித் திட்டம் வகுக்கப்பட வேண்டும் எனவும் அதில் பெற்றோர் பங்கேற்க வேண்டும் எனவும் விதித்தது. பிரித்தானியாவில் 1978 இல் வெளியான வார்னாக் அறிக்கை பெற்றோரைப் பங்காளிகளாகக் கருதி ஒரு தனி இயலையே ஒதுக்கியது. 1994 இன் சலமான்கா அறிக்கையும் இக்கருத்தை வலியுறுத்தியது.

தமிழ்நாட்டிலும் இதற்கு முன்னோடிகள் உண்டு. சென்னையில் 1969 இல் தொடங்கிய பாலவித்யாலயா, செவித்திறன் குறைந்த மழலையருக்குப் பேச்சுப் பயிற்சி அளிப்பதில் பெற்றோரையும் ஈடுபடுத்தியது. 1985 இல் சென்னையில் தொடங்கிய வித்யாசாகரின் நிறுவனர் பூனம் நடராசன், மூளை முடக்குவாதம் உடைய குழந்தையின் தாயுமாவார். 1989 இல் உருவான மதுரம் நாராயணன் மையத்தில் தாய் குழந்தையுடன் வந்து பயிற்சியைக் கற்றுக்கொள்ளும் முறை பின்பற்றப்பட்டது. தென்காசியை அடுத்த ஆய்க்குடியில் எசு. ராமகிருட்டிணன் 1981 இல் நிறுவிய அமர் சேவா சங்கம், சிறப்புப் பள்ளியோடு, பணியாளர்கள் ஊர்களுக்குச் சென்று குடும்பங்களுக்கு வழிகாட்டும் பணியையும் மேற்கொண்டது.

சட்ட அடிப்படை

1995 ஆம் ஆண்டுச் சட்டம் மாற்றுத்திறன் குழந்தைகளுக்கு 18 வயது வரை இலவசக் கல்வியை உறுதிசெய்தது. அதற்கு மாற்றாக வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 குறைபாடுகளின் வகைகளை 21 ஆக விரிவாக்கியது. குறைபாடு 40 விழுக்காடோ அதற்கு மேலோ எனச் சான்றளிக்கப்பட்ட 6 முதல் 18 வயது வரையான குழந்தை, அருகமைப் பள்ளியிலோ விரும்பும் சிறப்புப் பள்ளியிலோ இலவசமாகப் படிக்கலாம். கற்றல் குறைபாட்டை விரைவில் கண்டறிதல், ஒவ்வொரு மாணவரின் பங்கேற்பையும் முன்னேற்றத்தையும் கண்காணித்தல் ஆகியன பள்ளியின் கடமைகளாகக் கூறப்பட்டுள்ளன.

பெற்றோருக்கு நிறுவன வழியிலான இடத்தை அளித்தது கல்வி உரிமைச் சட்டம், 2009 ஆகும். அதன்படி அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவிபெறும் பள்ளிகளிலும் அமைக்கப்படும் பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவும் பாதிப் பேர் பெண்களாகவும் இருத்தல் வேண்டும். வாய்ப்புக் குறைந்த பிரிவினருக்கு உரிய விகிதத்தில் இடமளிக்க வேண்டும். 2012 இன் திருத்தம் மாற்றுத்திறன் குழந்தைகளை இப்பிரிவில் சேர்த்தது. கடுமையான குறைபாடோ பல்வகைக் குறைபாடோ உடைய குழந்தை வீட்டிலிருந்தே கற்கவும் அத்திருத்தம் வழிசெய்தது.

இராஜபாளையம், திருவில்லிபுத்தூர் பகுதிகள்

இவ்விரு நகரங்களும் மாவட்டத்தின் மேற்கே, மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில், ஏறத்தாழ 12 கிலோமீட்டர் இடைவெளியில் அமைந்துள்ளன. மாவட்டத்தின் 11 ஊராட்சி ஒன்றியங்களுள் இரண்டு இவ்வூர்களின் பெயரைக் கொண்டவை. தமிழ்நாட்டின் பிற ஒன்றியங்களில் உள்ளதுபோல, வட்டார வள மையமே இங்கும் குடும்பத்துக்கும் பள்ளிக்கும் இடையிலான முதன்மை இணைப்பாகும். முன்னர் அனைவருக்கும் கல்வி இயக்கத்தின் கீழும், 2018 முதல் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் கீழும் இம்மையங்கள் இயங்கி வந்துள்ளன. சிறப்பாசிரியர்கள் பள்ளிகளுக்கும் வீட்டுவழிக் கல்வி பெறும் குழந்தைகளிடமும் சென்று கற்பிப்பதும், இயன்முறை மருத்துவர் பயிற்சி அளிப்பதும், மருத்துவ மதிப்பீட்டு முகாம் நடத்துவதும் இவ்வமைப்பின் பணிகளாகும்.

ஒத்துழைப்பின் வடிவத்தைப் பெரிதும் தீர்மானிப்பது இப்பகுதியின் தொழில்முறை. இராஜபாளையம் நூற்பாலைகளுக்கும், அருகிலுள்ள சத்திரப்பட்டி மருத்துவக் கட்டுத்துணி நெசவுக்கும் பெயர்பெற்றவை. திருவில்லிபுத்தூர் வட்டாரத்தில் வேளாண்மை, நெசவு, பால்கோவா உற்பத்தி ஆகியன நடைபெறுகின்றன. நூற்பாலைகள் ஷிப்டு முறையில் இயங்குகின்றன. பள்ளி முற்பகலில் கூட்டும் கூட்டத்துக்கு வரும் தாய் கூலியையும், இரவு ஷிப்டு முடிந்த தந்தை உறக்கத்தையும் இழக்க நேரிடுகிறது. அதனால் வராத பெற்றோரை அக்கறையற்றவர் எனக் கொள்வது பிழையான முடிவாகிவிடும். ஷிப்டு மாறும் நேரத்தை ஒட்டியோ விடுமுறை நாளிலோ சந்திப்பை அமைப்பது பயன்தரும். பகலில் குழந்தையைப் பேணுபவர் பாட்டியோ அக்காவோ ஆயின், பயிற்சியை அவர்களுக்குக் காட்டுவதே பொருத்தமாகும்.

தொலைவும் ஒரு தடையாகும். பளியர் குடியிருப்பு உள்ள செண்பகத்தோப்பு போன்ற மலையடிவார இடங்களிலிருந்து, நடக்க இயலாத குழந்தையுடன் முகாமுக்கோ மையத்துக்கோ வருவது எளிதன்று. மிகுந்த உதவி தேவைப்படும் குழந்தைக்கும் உடன்வருபவருக்கும் போக்குவரத்து வசதி தருவதை 2016 ஆம் ஆண்டுச் சட்டம் கல்வி நிறுவனங்களின் கடமையாகக் கூறுகிறது.

பள்ளிப் படிப்புக்குப் பிந்திய வாய்ப்பும் பெற்றோரின் எதிர்பார்ப்பை உருவாக்குகிறது. திருவில்லிபுத்தூரை அடுத்த கிருஷ்ணன்கோயிலில் உள்ள கலசலிங்கம் பல்கலைக்கழகம், செவித்திறன் குறைந்த மாணவர்களுக்கெனத் தனிப் பொறியியல் பட்டப்படிப்பை ஏற்படுத்தியது.

நடைமுறை

ஒத்துழைப்பு பொதுவாகப் பின்வரும் படிகளில் அமைகிறது:

* குழந்தை இப்போது எதைத் தானே செய்கிறது, எதற்கு உதவி தேவை என்பதைப் பெற்றோரும் ஆசிரியரும் சேர்ந்து குறித்தல்.
* அடுத்த சில மாதங்களுக்கான இரண்டு அல்லது மூன்று சிறிய இலக்குகளைத் தெரிவுசெய்து தனியாள் கல்வித் திட்டத்தில் எழுதுதல்.
* ஒவ்வோர் இலக்கிலும் வீட்டின் பங்கையும் பள்ளியின் பங்கையும் பிரித்தல்.
* நாள்தோறும் இருவரும் எழுதும் குறிப்பேட்டின் வழியாகச் செய்தி பரிமாறுதல். எழுதப் படிக்க அறியாத பெற்றோருக்குத் தொலைபேசிப் பேச்சு உதவும்.
* குறித்த காலத்தில் கூடி, நிறைவேறாத இலக்கை மாற்றி அமைத்தல்.

சான்றிதழ் பெறுவதையும் காலத்தே முடிக்க வேண்டும். பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், ஒரு மொழிப்பாட விலக்கு போன்ற சலுகைகளைப் பெற உரிய மருத்துவச் சான்று தேவை. கற்றல் குறைபாடு பத்தாம் வகுப்பில்தான் உணரப்படுமானால், தேர்வுக்கு முன் இவற்றைப் பெறுவது கடினமாகிறது.

சிக்கல்கள்

சில பெற்றோர் அயலார் பேச்சுக்கு அஞ்சிக் குழந்தையின் குறைபாட்டை மறைக்கின்றனர். சில ஆசிரியர்கள் அக்குழந்தையைச் சிறப்பாசிரியரின் பொறுப்பாக மட்டும் கருதுகின்றனர். ஒரு சிறப்பாசிரியர் பல பள்ளிகளுக்குச் செல்ல வேண்டியிருப்பதால், அவர் வராத நாட்களில் திட்டத்தைத் தொடர்பவர் வகுப்பாசிரியரே. பள்ளி மேலாண்மைக் குழுவில் இடம்பெறும் பெற்றோர் கையொப்பம் இடுவதோடு நின்றுவிட்டால், சாய்தளம், ஏற்ற கழிப்பறை போன்ற தேவைகள் பள்ளி வளர்ச்சித் திட்டத்தில் இடம்பெறாமற் போகும்.

வீட்டுவழிக் கல்வியில் சிக்கல் மேலும் நுட்பமானது. குழந்தையின் பெயர் பள்ளிப் பதிவேட்டில் இருப்பதால் அது இடைநின்ற குழந்தையாகக் கணக்கிடப்படாது. ஆயினும் வகுப்பையோ தோழரையோ அறியாமல் ஆண்டுகள் கழியலாம். சிறப்பாசிரியரின் வருகையைப் பெற்றோர் குறித்து வைப்பதும், விழா நாட்களிலேனும் குழந்தையைப் பள்ளிக்கு வரவழைப்பதும், இயன்றபோது வகுப்புக்கு மாற்றும் வாய்ப்பை ஆண்டுதோறும் இரு தரப்பும் ஆராய்வதும் இதற்கான வழிகளாகும்.