அறுவைக்கு இடம் தந்த ஊர்கள்: ட்ரினிடாட், திண்டுக்கல், பட்டாபிராம்

பால் மாற்று அறுவை சிகிச்சையைப் பற்றிய எழுத்துகள் பெரும்பாலும் இரண்டு இடங்களையே பார்க்கின்றன. ஒன்று அறுவை அரங்கு, மற்றொன்று நீதிமன்றம். சிகிச்சைக்கு இடம் தந்த ஊர் என்ன நினைத்தது, எதைப் பொறுத்துக்கொண்டது, எதை மறுத்தது என்ற கேள்வி ஓரத்திலேயே நின்றுவிடுகிறது. ஒரு ஊர் இந்தச் சிகிச்சையோடு சமாதானமாக வாழ்ந்தது என்பதை வைத்து அது திருநர்களை ஏற்றுக்கொண்டது என்று முடிவு கட்ட முடியாது. நோயாளி வந்து திரும்பிப் போகிறவராக இருக்கும்வரை ஊருக்குச் சோதனையே இல்லை. அவர் அங்கேயே தங்கி, வாடகைக்கு வீடு கேட்கும்போதுதான் சோதனை தொடங்குகிறது. இதுவே இக்கட்டுரையின் வாதம்.

உலகம் அறிந்த உதாரணம் அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் உள்ள ட்ரினிடாட். பத்தாயிரத்துக்கும் குறைவான மக்கள் வாழும் நிலக்கரிச் சுரங்க ஊர் அது. கொரியப் போரில் ராணுவ மருத்துவராக இருந்த ஸ்டான்லி பைபர், சுரங்கத் தொழிலாளர் சங்க மருத்துவமனைக்காக 1950களில் அங்கு வந்தார். 1969இல், அவருக்குப் பழக்கமான ஒரு சமூகப் பணியாளர் தனக்கு அறுவை செய்ய முடியுமா என்று கேட்டார். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையிலிருந்து கையால் வரைந்த படங்களைத் தருவித்துப் பார்த்து, பைபர் அந்தச் சிகிச்சையைச் செய்தார். அவர் பணியாற்றிய மவுன்ட் சான் ரஃபேல் மருத்துவமனை கத்தோலிக்கக் கன்னியர் பொறுப்பில் இருந்தது. முதல் சில நோயாளிகளின் கோப்புகளை அவர் பெட்டகத்தில் பூட்டி வைத்தார். பிறகு மருத்துவமனை நிர்வாகத்திடமும் உள்ளூர்ப் போதகர்களிடமும் தாமே போய் விளக்கினார்.

இந்த விளக்கத்தின் பலனாகவே ஊர் இணங்கியது என்று சொல்வது வழக்கம். எனக்கு அது பாதி உண்மையாகவே படுகிறது. சுரங்கங்கள் மூடப்பட்டு வருமானம் வற்றிய ஊருக்கு, வெளியூர் நோயாளிகள் கொண்டுவந்த பணம் மருத்துவமனையைத் தாங்கிப் பிடித்தது. அதோடு, பைபர் அந்த ஊர்க்காரர்களின் குடல்வாலையும் குடலிறக்கத்தையும் அறுத்தவர். கால்நடைப் பண்ணை வைத்திருந்தவர். மாவட்ட ஆட்சிக் குழுவுக்கு மக்கள் தேர்ந்தெடுத்தவர். ஊரின் நம்பிக்கை அவர்மீது இருந்தது, அவரிடம் வந்தவர்கள்மீது அல்ல. 'பால் மாற்றத்தின் தலைநகர்' என்ற பட்டப்பெயர் வந்தபோது பலர் கூசினார்கள். 2003இல், எண்பது வயதில், தொழில்முறைக் காப்பீடு கிடைக்காத நிலையில் பைபர் ஓய்வு பெற்றார். அவர் இடத்துக்கு வந்த மார்சி போவர்ஸ் தாமே திருநங்கை. அவரும் 2010இல் கலிஃபோர்னியாவுக்குப் போய்விட்டார். நாற்பது ஆண்டு வரலாறு ஓர் இடமாற்றத்தோடு முடிந்தது. ஊர் அதைத் தன் சொந்த நிறுவனமாகக் கருதியிருந்தால் அவ்வளவு எளிதாக முடிந்திருக்காது.

தமிழகத்துக்கு இப்படிப் பெயர் பெற்ற ஊர் இல்லை. ஆனால் திருநங்கைகளின் தன்வரலாறுகளைப் படித்தவர்களுக்குச் சில ஊர்ப் பெயர்கள் பழக்கமானவை. அ. ரேவதி தம் வாழ்க்கைக் கதையில் திண்டுக்கல்லுக்குப் போய் ஆபரேஷன் செய்துகொண்டதை எழுதுகிறார். லிவிங் ஸ்மைல் வித்யா ரயிலேறிக் கடப்பாவுக்குப் போனார். இவை விளம்பரம் இல்லாத சிறு மருத்துவமனைகள். திருநங்கையரின் சமூக அமைப்பான ஜமாத்துக்குள் குரு தன் சேலாவிடம் (சீடரிடம்) சொல்ல, வாய்வழியாகவே வழி தெரிந்தது. இந்த ஊர்களில் போதகர்களைக் கூட்டி விளக்கிய மருத்துவர் எவரும் இல்லை. ஊருக்குத் தெரிந்ததா, தெரியாததுபோல் இருந்ததா என்பதற்குப் பதிவும் இல்லை. அங்கே சங்கடம் பேச்சில்லாமையாகவே நிலைபெற்றது.

அந்தப் பேச்சில்லாமைக்குச் சட்டம் ஒரு காரணம். 1860ஆம் ஆண்டு இந்திய தண்டனைச் சட்டத்தின் 320ஆம் பிரிவு, கொடுங்காயங்களின் பட்டியலில் ஆண்மை நீக்கத்தையே முதலாவதாக வைத்தது. ஒருவர் சம்மதித்தாலும் கொடுங்காயம் விளைவிக்கக் கருதிச் செய்யும் செயலை 87ஆம் பிரிவு காக்கவில்லை. அவருடைய நன்மைக்காக நல்லெண்ணத்தோடு செய்ததென்றால்தான் 88ஆம் பிரிவு மருத்துவருக்குக் கைகொடுத்தது. ஆக, 'இது நன்மையா' என்பதே கேள்வி. அதற்கு ஆம் என்று மருத்துவ நிறுவனங்கள் வாய்திறந்து சொல்லாத காலத்தில், துணிந்து செய்தவர் சட்டத்தின் நிழலில் நின்றுதான் செய்தார். விலையை நோயாளி கொடுத்தார். உறுப்பை நீக்குவதோடு வேலை முடிந்தது. பெண்ணுறுப்பை அமைக்கும் அறுவை இல்லை. ஹார்மோன் ஆலோசனை இல்லை. ஓரிரு நாளில் ஊர் திரும்ப வேண்டும். சிறுநீர்த் துளை சுருங்கி அடைபடுவது இத்தகைய அறுவையின் நன்கறிந்த பின்விளைவு. அது வாரங்கள், மாதங்கள் கழித்தே தலைகாட்டும். அப்போது அறுத்தவர் வேறு மாநிலத்தில் இருப்பார்.

அந்த இடைவெளியை நிரப்பியது ஜமாத். நிர்வாணம் (ஆண்மை நீக்க அறுவை) ஆனவரை நாற்பது நாள் அறைக்குள் வைத்து, வெந்நீர் ஒத்தடம் கொடுத்து, பத்தியச் சோறு போட்டு, நாள் நிறைந்ததும் மஞ்சள் பூசி மருதாணியிட்டுப் பால் ஊற்றும் சடங்கைச் செய்தார்கள். இதை வெறும் சடங்காகப் பார்க்கும் ஆய்வாளர்களோடு எனக்கு உடன்பாடில்லை. பேறுகாலப் பராமரிப்பின் ஒழுங்கை அப்படியே எடுத்துக்கொண்ட மருத்துவ ஏற்பாடு அது. மருத்துவமனை செய்ய மறுத்த பாதி வேலையை எழுத்தறிவு குறைந்த, வீட்டால் விரட்டப்பட்ட பெண்கள் தங்கள் தோளில் சுமந்தார்கள். தமிழக மருத்துவ வரலாறு அவர்களுக்கு ஒரு பத்திகூடத் தரவில்லை என்பது வெட்கத்துக்குரியது.

அரசு உள்ளே வந்த பிறகு நிலைமை மாறியது. 2008 ஏப்ரல் 15இல் திருநங்கைகள் நல வாரியம் அமைந்தது. அதையொட்டிய ஆண்டுகளில் சென்னை அரசு மருத்துவமனைகளில் கட்டணமின்றி அறுவை சிகிச்சை நடக்கத் தொடங்கியது. 2018இல் ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் திருநர்களுக்கெனத் தனிப் பிரிவு வந்தது. மனநல மருத்துவர், நாளமில்லாச் சுரப்பி மருத்துவர், ஒட்டறுவை மருத்துவர் என்று பலர் கூடித் தீர்மானிக்கும் முறை இது. இந்தியாவின் பெரும்பகுதியில் இது இல்லாத காலத்தில் தமிழகம் செய்தது. அதை நிறைவோடு சொல்ல வேண்டும். ஆனால் இதன் இன்னொரு விளைவு கவனிக்கப்படவில்லை. சிகிச்சை ஒரு பெருநகரப் பொது மருத்துவமனைக்குள் போய்விட்டதால், எந்த ஊரும் அதைத் தன்னுடையதாக ஏற்கவோ எதிர்க்கவோ தேவையில்லாமல் போயிற்று. ட்ரினிடாட்டும் திண்டுக்கல்லும் எதிர்கொண்ட சங்கடம் அதனால் மறைந்துவிடவில்லை. அது அறுவை நடக்கும் இடத்தை விட்டு, உடம்பு தேறும் இடத்துக்கு நகர்ந்தது.

பட்டாபிராம் போன்ற புறநகரை இங்கேதான் பார்க்க வேண்டும். ஆவடி மாநகராட்சிக்குள் அடங்கிய ஊர். இந்துக் கல்லூரியும் ராணுவக் கிடங்குகளும் அதன் பழைய அடையாளம். 2024 நவம்பரில் திறக்கப்பட்ட 21 மாடி டைடல் பூங்கா புதியது. அரக்கோணம் தடத்தில் மின்சார ரயிலேறினால் சென்ட்ரல். எதிரே பொது மருத்துவமனை. அதே தடத்தில் மேற்கே போனால் திருவள்ளூர். அடையாளச் சான்றிதழ் தரும் அதிகாரம் அங்கிருக்கும் மாவட்ட ஆட்சியரிடம். கத்தி கிழக்கே, காகிதம் மேற்கே. நடுவில் வசிக்கும் திருநங்கைக்குத் தேவைப்படுவது ஓர் அறை.

அந்த அறை எப்படி இருக்க வேண்டும் என்பது மருத்துவக் கேள்வி. பெண்ணுறுப்பு அமைக்கும் அறுவை செய்துகொண்டவர், அமைத்த பாதை மூடிக்கொள்ளாமல் இருக்க விரிவாக்கிக் கருவியை மாதக்கணக்கில் தினமும் பயன்படுத்த வேண்டும். அதற்குக் கதவு தாழிடும் தனிமை, சுத்தமான தண்ணீர், யாரும் வெளியே நின்று தட்டாத குளியலறை வேண்டும். நான்கு குடித்தனத்துக்கு ஒரு குளியலறை என்று கட்டிய போர்ஷன் வீடுகளில் இது எளிதல்ல. திருநங்கை என்று தெரிந்தால் அந்தப் போர்ஷனும் கிடைக்காது. கிடைத்தாலும் வாடகையும் அட்வான்ஸும் கூடும். பக்கத்துக் குடித்தனம் புகார் சொன்னால் பாதி மாதத்தில் காலி செய்யச் சொல்வார்கள். மார்பக நீக்க அறுவை செய்துகொண்ட திருநம்பிக்கோ வேறு விதத் தொல்லை: இரண்டு வாரம் கை தூக்க முடியாதவருக்கு உதவக் கூட இருப்பவர் யார் என்று வீட்டுக்காரர் விசாரிப்பார். நல்ல கையால் செய்த அறுவையும் இப்படி வீணாகலாம். மருத்துவமனை அதைச் சிகிச்சைக்குப் பிந்தைய சிக்கல் என்று குறித்துக்கொள்ளும். காரணம் வாடகை வீடு என்பது எந்தக் கோப்பிலும் ஏறாது.

சட்டம் இந்த இடைவெளியை அடைக்கவில்லை. 2014இல் நால்சா (தேசிய சட்டப் பணிகள் ஆணையம்) தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம், பால் அடையாளத்தை ஏற்க அறுவையை நிபந்தனையாக்கக் கூடாது என்றது. 2019ஆம் ஆண்டின் திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டமோ, ஆண் அல்லது பெண் என்று சான்றிதழை மாற்ற விரும்புவோருக்கு 7ஆம் பிரிவில் அறுவையை வாசலாக வைத்தது. ஆக உடலளவில் ஆயத்தமாகாதவரும் ஆவணத்துக்காகக் கத்தியை நோக்கித் தள்ளப்படுகிறார். அதே சட்டத்தின் 3ஆம் பிரிவு வாடகை வீட்டில் பாகுபாடு கூடாது என்கிறது. தண்டனை சொல்லும் 18ஆம் பிரிவு, குடியிருப்பை விட்டு வெளியேற்றுவதைக் குற்றமாக்குகிறது. வீடு தர மறுப்பதைப் பற்றி அதில் ஒரு சொல் இல்லை. குடிவைத்தபின் விரட்டினால் குற்றம், குடிவைக்கவே மறுத்தால் குற்றமில்லை. வீட்டுக்காரர்கள் எந்த வழியைத் தேர்ந்தெடுப்பார்கள் என்பது வெளிப்படை.

வீட்டு உரிமையாளரின் விருப்பத்தில் அரசு தலையிட முடியாது என்ற எதிர்வாதம் உண்டு. விருப்பம் தனிமனிதருடையதாக இருந்தால் அதை ஏற்கலாம். ஒரு தெருவில் உள்ள எல்லாக் கதவுகளும் ஒரே பதிலைச் சொல்லும்போது அது விலக்கு. மேலும், அறுவைக்குப் பொதுப்பணம் செலவழிக்கும் அரசுக்கு, அந்த அறுவை பலிக்க வேண்டிய அறையைப் பற்றிக் கேட்கும் உரிமையும் கடமையும் இருக்கின்றன.

செய்யக்கூடியவை கைக்கெட்டிய தூரத்தில்தான் இருக்கின்றன. பொது மருத்துவமனையில் அறுவை செய்துகொண்டவரை ஆவடி அரசு மருத்துவமனை தொடர்ந்து பார்க்கலாம். காயத்துக்குக் கட்டு மாற்றவும் சிறுநீர்த் துளையைச் சோதிக்கவும் ஒரு செவிலியருக்குப் பயிற்சி தந்தால் போதும். அறுவைக்குத் தேதி குறிக்கும்போதே, தேறும் காலத்துக்கு இடம் இருக்கிறதா என்று மருத்துவமனைச் சமூகப் பணியாளர் எழுதி வாங்க வேண்டும். இல்லாதவருக்கு அந்த நாற்பது நாளுக்கு வாரியம் வாடகை கொடுக்கலாம். கூட இருந்து பார்த்துக்கொள்ளும் ஜமாத் தாய்க்கு உதவியாளருக்கான படியும் தர வேண்டும். வீடு மறுத்தலை 18ஆம் பிரிவில் சேர்க்கும் திருத்தத்தை மாநில அரசு ஒன்றிய அரசிடம் கேட்க வேண்டும்.