இல்லத் தலைவர்களின் பெயர்ப்பட்டியல்

முதலாம் தவணை தொடங்கிச் சில நாட்களுக்குள் யாழ்ப்பாணத்துப் பாடசாலை மைதானங்களின் முகமே மாறிவிடும். நூல் கட்டிச் சுண்ணாம்புக் கோடு போடுகிறார்கள். மூலையில் உயரம் பாய்தலுக்கான கம்பங்கள் நடப்படுகின்றன. அஞ்சலோட்டக் கோல்களை எந்த அலுமாரியில் வைத்தோம் என்று யாரோ தேடிக்கொண்டிருக்கிறார்கள். இல்ல மெய்வல்லுநர் திறனாய்வுப் போட்டிக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கும். அதற்குள் அணிநடை பழக வேண்டும், இல்லத்துக்குக் கூடாரம் அமைக்க வேண்டும், தென்னோலையும் பனையோலையும் கொண்டு அதை அலங்கரிக்க வேண்டும், எல்லா நிகழ்வுகளுக்கும் ஆள் சேர்க்க வேண்டும். இவற்றில் பெரும்பகுதி பதினேழு, பதினெட்டு வயது மாணவர் ஒருவரின் தலையில் விழுகிறது. அவர்தான் இல்லத் தலைவர்.

பாடசாலை விளையாட்டைப் பற்றி எழுதும்போது பெரும்பாலும் வெற்றிக் கிண்ணங்களைப் பற்றியே எழுதுகிறோம். சாதனைகளைப் பதிவது அவசியந்தான். ஆனால் அந்தச் சாதனைகள் முளைத்த நிலம் இந்த மூன்று வாரங்கள். மாணவர் தலைமை என்று மேடைகளில் பேசப்படுவதும் இங்கேதான் பழக்கத்துக்கு வருகிறது.

இந்த முறை இங்கே தானாக வளர்ந்ததல்ல. இங்கிலாந்தின் ரக்பி பாடசாலையில் 1828 முதல் 1842 வரை தலைமை ஆசிரியராக இருந்த தோமஸ் ஆர்னல்ட், மேல்வகுப்பு மாணவர்களிடம் ஒழுங்குப் பொறுப்பை ஒப்படைத்துப் பாடசாலையை நடத்தினார். அவரிடம் பணியாற்றிய ஜோர்ஜ் கொட்டன் 1852இல் மார்ல்பரோவுக்குத் தலைமை ஆசிரியராகப் போனபோது, அங்கே முந்திய ஆண்டுதான் மாணவர் கலகம் ஒன்று நடந்து முடிந்திருந்தது. ஊர்க்காடுகளில் அலைந்து திரிந்த பையன்களை மைதானத்துக்குள் கொண்டுவருவதற்கு ஒழுங்கமைத்த ஆட்டங்களை அவர் கருவியாகக் கொண்டார். அதே கொட்டன் பின்னர் கல்கத்தாவின் பேராயராக வந்தார். 1859இல் சிம்லாவில் அவர் நிறுவிய பாடசாலை இன்றும் அவர் பெயரால் வழங்குகிறது. இலங்கையில் கண்டி திரித்துவக் கல்லூரியின் அதிபராக 1904 முதல் 1924 வரை இருந்த அலெக்சாண்டர் பிரேசர் இந்த மரபுக்கு வலுவான வடிவம் கொடுத்தார். 1948ஆம் ஆண்டு இலண்டன் ஒலிம்பிக்கில் 400 மீற்றர் தடைதாண்டல் ஓட்டத்தில் வெள்ளி வென்று, இலங்கைக்கு முதல் ஒலிம்பிக் பதக்கத்தைக் கொண்டுவந்த டங்கன் வைற் அந்தக் கல்லூரியின் மாணவர்.

வடக்கிலும் மிசன் பாடசாலைகள்தான் முதலில் இதைக் கொண்டுவந்தன. ஆனால் அது அவர்களோடு நின்றுவிடவில்லை. சைவப் பெரியார்கள் எழுப்பிய கல்லூரிகள் இதைத் தயக்கமின்றி எடுத்துக்கொண்டு, இல்லங்களுக்குத் தங்கள் முன்னோரின் பெயர்களைச் சூட்டின. யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியில் காசிப்பிள்ளை, நாகலிங்கம், பசுபதி, சபாபதி முதலிய பெயர்கள் இன்றும் கூடார வாசல்களில் எழுதப்படுகின்றன. ஆறாம் வகுப்பில் சேரும் பிள்ளை, கல்லூரியின் வரலாற்றைப் படிப்பதற்கு முன்பே அதை உருவாக்கியவர்களின் பெயரைச் சொல்லிக் கத்தத் தொடங்கிவிடுகிறது. வெளியிலிருந்து வந்த ஏற்பாடு ஒன்றை உள்ளூராக்கியதற்கு இதைவிட நல்ல சான்று கிடைப்பது அரிது.

இல்லத் தலைவரின் வேலை என்ன? நல்ல ஓட்டக்காரரைத் தேர்ந்தெடுப்பது அதில் மிகச் சிறிய பகுதி. நூறு மீற்றருக்கு ஆள் தேட வேண்டியதில்லை. அவர்களே வந்து நிற்பார்கள். ஆயிரத்து ஐந்நூறு மீற்றருக்குத்தான் ஆள் கிடைக்காது. வெல்ல மாட்டோம் என்று தெரிந்திருந்தும் வெயிலில் கடைசிச் சுற்று வரை ஓடி முடிக்க ஒருவரைச் சம்மதிக்க வைக்க வேண்டும். தட்டெறிதலைத் தொட்டே பார்த்திராத ஒரு தடித்த பையனைக் கூப்பிட்டு, இரண்டு மாலை பழக்கி, வட்டத்துக்குள் நிறுத்த வேண்டும். மூன்றாம் இடத்துக்கும் புள்ளி உண்டு. கூட்டலில் அந்தப் புள்ளிதான் சில வேளை இல்லத்தைக் காப்பாற்றும். அதனால் கெட்டிக்காரரை மட்டும் நம்பியிருக்கும் தலைவர் தோற்கிறார். பின்வரிசையில் ஒதுங்கி நிற்பவரைத் தேடிப் போகும் தலைவர் இல்லத்தை ஒன்றாக்கிவிடுகிறார். புள்ளிக்காகத் தொடங்குகிற இந்தத் தேடலில், தன் வகுப்புக்கு வெளியே உள்ள பிள்ளைகளின் பெயர்களை ஒரு மாணவர் முதன்முதலாகத் தெரிந்துகொள்கிறார். யாருடைய தகப்பனார் கடலுக்குப் போகிறார், யாருக்குச் சப்பாத்து இல்லை, யார் பின்னேரம் வீட்டில் தம்பியைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதும் அவருக்குத் தெரியவருகிறது.

ஓடுபாதை போடுவதையும் ஒருமுறை பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். ஒரு பாதையின் அகலம் 1.22 மீற்றர். ஒரு முழுச் சுற்று ஓடும் போட்டியில் எல்லோரையும் ஒரே கோட்டில் நிறுத்தினால், வெளிப்பாதையில் நிற்பவர் கூடுதல் தூரம் ஓட நேரிடும். ஆகவே இரண்டாம் பாதைக்காரரை 7.04 மீற்றர் முன்னே நகர்த்துகிறார்கள். மூன்றாமவர் அவரிலிருந்து இன்னும் 7.67 மீற்றர் முன்னே நிற்பார். முதற் பாதையின் நீளத்தை உள்விளிம்பிலிருந்து 30 சதம மீற்றர் தள்ளியும், மற்றப் பாதைகளில் 20 சதம மீற்றர் தள்ளியும் அளப்பதால்தான் இந்த வேறுபாடு. நாடாவின் ஒரு முனையை ஆசிரியர் பிடிக்க, மறுமுனையை உயர்தரக் கணிதப் பிரிவு மாணவர் பிடித்துக்கொண்டு வளைவைச் சுற்றி வருகிறார். கணக்கு ஓரடி பிழைத்தாலும் யாரோ ஒருவருக்கு அநியாயம் நடந்துவிடும். அதுவும் தன் இல்லத்துக்கு எதிராக ஓடுபவருக்கு. அந்தக் கோட்டைத் தன் கையால் நேர்மையாகப் போட்ட மாணவருக்கு நடுநிலை பற்றித் தனியாகப் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

இத்தகைய மைதானம் ஒன்றிலிருந்து புறப்பட்டவர்தான் நாகலிங்கம் எதிர்வீரசிங்கம். பெரியவிளானைச் சேர்ந்தவர், யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியில் கற்றவர். 1952இல் ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் இலங்கைக்காக உயரம் பாய்ந்தபோது அவருக்குப் பதினேழு வயது. 1956இல் மெல்போர்ன் ஒலிம்பிக்கிலும் பங்குபற்றினார். 1958இல் தோக்கியோவில் நடைபெற்ற ஆசிய விளையாட்டில் 2.03 மீற்றர் உயரத்தைத் தாண்டித் தங்கம் வென்றார். ஆசிய விளையாட்டுகளில் இலங்கை பெற்ற முதல் தங்கப் பதக்கம் அது. நான்கு ஆண்டுகளின் பின் ஜகார்த்தாவில் வெள்ளியும் பெற்றார்.

அந்த 2.03 மீற்றரின் அருமை இன்றைய பிள்ளைகளுக்கு எளிதில் விளங்காது. இன்று பாய்பவர் முதுகு கீழாக, தடித்த மெத்தையில் விழுகிறார். டிக் பொஸ்பரி 1968இல் மெக்சிக்கோ ஒலிம்பிக்கில் வென்ற பிறகே அந்த முறை உலகெங்கும் பரவியது. அதற்கு முந்திய தலைமுறையினர் மணலிலோ மரத்தூளிலோ இறங்கியவர்கள். குறுக்குத்தடியைத் தாண்டுவது பாதி வேலை. கை கால் முறியாமல் தரைக்கு வருவது மீதிப் பாதி. அந்த நிலையில் ஒரு பாடசாலை மாணவர் உலக அரங்கு வரை போனார் என்றால், குழியை மண்வெட்டியால் கிளறி மணலை இளக்கிவிட்ட, தடி விழும்போதெல்லாம் எடுத்து வைத்த சக மாணவர்களையும் சேர்த்தே நினைக்க வேண்டும்.

எதிர்வீரசிங்கம் கலிபோர்னியாவில் பட்டம் பெற்று, கோர்னெல் பல்கலைக்கழகத்தில் கலாநிதியானார். ஆபிரிக்காவில் விரிவுரையாளராகப் பணியாற்றினார். முதுமையில் வடக்கின் கல்விக்கும் விளையாட்டுக்கும் உழைத்தார். 2024இல் காலமானார். பதக்கத்தோடு அவர் நின்றுவிடவில்லை என்பதுதான் பாடசாலை மலர் ஒன்று முதலில் சொல்ல வேண்டிய செய்தி.

துடுப்பாட்டத் தலைமை வேறு வகையானது. 1904இல் தொடங்கிய மத்திய கல்லூரி - சென் ஜோன்ஸ் கல்லூரி ஆட்டம் ‘வடக்கின் மாபெரும் சமர்’ எனப்படுகிறது. சென் பற்றிக்ஸ் கல்லூரிக்கும் யாழ்ப்பாணக் கல்லூரிக்கும் பொன் அணிகளின் சமர் உண்டு. யாழ் இந்துவும் கொக்குவில் இந்துவும் மோதும் சமரும் உண்டு. கொடி, பாண்ட், பழைய மாணவரின் ஆரவாரம் எல்லாவற்றுக்கும் நடுவே பத்தொன்பது வயதைத் தாண்டாத ஒருவர் முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. எப்போது ஆட்டத்தை இடைநிறுத்துவது, அடி வாங்கிய பந்துவீச்சாளரிடம் இன்னொரு ஓவர் கொடுப்பதா என்று அவர் தீர்மானிக்கிறார். ஆசிரியரும் பயிற்றுநரும் எல்லைக்கோட்டுக்கு வெளியே இருக்கிறார்கள். பாடசாலை வாழ்க்கையில் பெரியவர் எவரும் குறுக்கிட முடியாத இடம் இதைப்போல் வேறில்லை.

மணிக்கட்டால் பந்தைச் சுழற்றும் இளைஞர்களுக்கு அந்த இன்னொரு ஓவர் உயிர் போன்றது. அவர்களுடைய பந்து சில நாள் தறிகெட்டுப் போகும், ஓட்டங்கள் குவியும். தலைவர் பொறுத்தால்தான் அவர்கள் வளர்வார்கள். மத்திய கல்லூரியின் விஜயகாந்த் வியாஸ்காந்த் அப்படியான சுழற்பந்து வீச்சாளர். 2020இல் லங்கா பிரிமியர் லீக்கின் முதற் பருவத்தில் யாழ்ப்பாண அணிக்காக ஆடினார். 2024 மே மாதத்தில் ஐபிஎல் தொடரில் ஹைதராபாத் சன்ரைசர்ஸ் அணிக்காகக் களமிறங்கினார். தொழில்முறை ஆட்டத்துக்கு அவரை அனுப்பிவைத்தது ஒரு பாடசாலை மைதானம்.

அந்த மைதானத்தின் கதையும் இலேசானதல்ல. அது கோட்டைக்கு அருகே, பொது நூலகத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. 1990இல் கோட்டையைச் சுற்றி நடந்த போரில் அந்தப் பகுதியே சிதைந்தது. 1995இன் பேரிடப்பெயர்வில் வலிகாமத்துப் பாடசாலைகள் ஊர்களோடு சேர்ந்து பெயர்ந்தன. பெரும் ஆட்டம் நடைபெறாத ஆண்டுகள் வந்தன. அந்த இடைவெளிக்குப் பின் மறுபடி கோடு போட்டவர்களின் உழைப்பு எந்தக் கிண்ணத்திலும் பொறிக்கப்படவில்லை.

தெல்லிப்பழை மகாஜனக் கல்லூரியை இங்கே தனியாகச் சொல்ல வேண்டும். பாவலர் துரையப்பாபிள்ளை 1910இல் நிறுவிய இக்கல்லூரி உதைபந்தாட்டத்துக்குப் பேர்போனது. அதன் பெண்கள் அணி அகில இலங்கை மட்டத்தில் வெற்றிகளை ஈட்டியிருக்கிறது. கோலூன்றிப் பாய்தலில் தேசிய சாதனையைத் திரும்பத் திரும்பப் புதுப்பித்த அனித்தா ஜெகதீஸ்வரன் இக்கல்லூரியின் மாணவி. கோலூன்றிப் பாய்தலுக்கு வளையும் கோல் வேண்டும், மெத்தை வேண்டும், ஓடிவரப் பாதை வேண்டும். மூன்றுமே விலை கூடியவை. கிராமத்துப் பெண்பிள்ளை ஒருவர் அந்தக் கோலைத் தூக்கிக்கொண்டு ஓடுவதை ஊர் முதலில் எப்படிப் பார்த்திருக்கும் என்று எண்ணிப் பார்க்கலாம். இன்று அவருக்குப் பின் வரும் பிள்ளைகள் அந்தப் பார்வைக்கு முகங்கொடுக்க வேண்டியதில்லை. பெண்கள் விளையாட்டில் தலைமை என்பது பெரும்பாலும் இப்படித்தான் நடந்திருக்கிறது. ஒருவர் முன்னே போய்க் கண்களைப் பழக்கிவிடுகிறார்.

கவலைப்படவும் காரணங்கள் இருக்கின்றன. க.பொ.த. சாதாரண தரப் பரீட்சை நெருங்கியதும் பிள்ளையை மைதானத்திலிருந்து இழுத்துக்கொள்ளும் பெற்றோர் பெருகிவிட்டார்கள். பின்னேர வேளைகள் தனியார் கல்வி நிலையங்களுக்குப் போய்விட்டன. அதைவிட வருத்தமானது, மாணவரின் வேலையைப் பெரியவர்கள் எடுத்துக்கொள்வது. கூடார அலங்காரத்தைக் கூலிக்குக் கொடுப்பதும், பங்குபற்றுவோர் பட்டியலை ஆசிரியரே தயாரிப்பதும், வெல்ல வேண்டும் என்ற அவசரத்தில் நான்கைந்து பேரையே எல்லா நிகழ்வுகளிலும் ஓடவிடுவதும் பல இடங்களில் வழக்கமாகிவருகின்றன. போட்டி அழகாக நடக்கும். படங்களும் நன்றாக வரும். பட்டியலோடு வகுப்பு வகுப்பாக அலைந்திருக்க வேண்டிய மாணவர் மட்டும் சத்தியப்பிரமாணம் வாசித்துவிட்டு, விருந்தினருக்குப் பக்கத்தில் நிற்பார். இது மாணவர்களுக்குச் செய்யும் உதவியல்ல. பிழை விட்டாலும் அவர்களே நடத்தட்டும் என்று விடுகிற துணிவு அதிபர்களுக்கும் பொறுப்பாசிரியர்களுக்கும் வர வேண்டும். சிறிய பாடசாலைகளில், கைக்காசு இல்லாத இடங்களில், இந்தத் துணிவு தேவையாலேயே இன்னும் உயிரோடிருக்கிறது. அங்கே போய்ப் பார்த்தால் கூடாரத்து ஓலையைப் பிள்ளைகளே பின்னிக்கொண்டிருப்பார்கள்.

இதுபோன்ற மலர்களில் அதிபர்களின் பட்டியல் இருக்கும். சாதனையாளர் படங்கள் இருக்கும். இல்லத் தலைவர்களின் பட்டியலை மட்டும் காண்பது அரிது. போரில் பாடசாலை ஏடுகள் பல அழிந்துபோனதால் அதைத் தொகுப்பது கடினந்தான். ஆனாலும் ரொறன்ரோவிலும் இலண்டனிலும் சிட்னியிலும் உள்ள பழைய மாணவர்களிடம் அணிப் படங்களும் நற்சான்றிதழ்களும் இருக்கின்றன. அவர்களிடம் கேட்டு, ஆண்டு ஆண்டாக, இல்லம் இல்லமாக அந்தப் பெயர்களைச் சேர்க்க வேண்டும். ஆண் தலைவர், பெண் தலைவர் இருவரையும் எழுத வேண்டும். இடம்பெயர்ந்த ஆண்டுகளில் கொட்டகைகளுக்கு முன்னால் போட்டி நடத்தியவர்களை விட்டுவிடக் கூடாது. அந்தத் தலைமுறையினர் பலர் இன்னும் நம்மோடிருக்கிறார்கள். அடுத்த மலர் வருவதற்குள் அவர்களிடம் போய்க் கேட்டுவிட வேண்டும்.