ராட்சசன் ஏன் வாளை எறிந்தார்?

சமஸ்கிருத நாடகம்னா காதல் கதைன்னு நினைப்போம். விசாகதத்தரின் 'முத்ராராட்சசம்' ஏழு அங்கமும் அரசியல்.

நந்தர்கள் அழிந்த பிறகும் அவர்களுடைய அமைச்சர் ராட்சசன் சந்திரகுப்தனுக்குப் பணியவில்லை. வெளியே இருந்து படை திரட்டுகிறார். அவர் குடும்பத்தைப் பாடலிபுத்திரத்தில் ஒளித்துவைத்திருப்பவர் நண்பர் சந்தனதாசர், ரத்தின வியாபாரி. எவ்வளவு மிரட்டியும் காட்டிக்கொடுக்க மறுக்கிறார். மரண தண்டனை.

செய்தியை ராட்சசனிடம் சேர்ப்பதே சாணக்கியரின் ஒற்றன்தான். தூக்குக் கயிறும் கையுமாக வந்து அழுகிறான். ஆயுதத்தோடு யாராவது வந்தால் கொலையாளிகள் அவசரமா வேலையை முடிச்சிடுவாங்கன்னும் சொல்லிவைக்கிறான். ராட்சசன் வாளை எறிந்துவிட்டுக் கொலைக்களத்துக்குப் போகிறார். அங்கே சாணக்கியர் வைப்பது ஒரே நிபந்தனை: நண்பன் பிழைக்க வேண்டுமானால் சந்திரகுப்தனுக்கு அமைச்சராகு. ராட்சசன் சம்மதிக்கிறார்.

முதலில் படித்தபோது, நட்புக்காக ராஜவிசுவாசத்தை விட்டுட்டாரேன்னு தோணுச்சு. இப்போது வேறு மாதிரி தெரிகிறது. கொலையாளிகளும் சாணக்கியரின் ஆட்கள்தான். இவர் நண்பனைக் கைவிட மாட்டார் என்ற ஒரே நம்பிக்கையில்தான் மொத்தத் திட்டமும் நிற்கிறது. அழிந்துபோன எஜமானையே விடாதவர் என்பதால்தான் சாணக்கியருக்கு அவர் தேவைப்பட்டார். நண்பனை விட்டுவிட்டு ஓடுகிற ஆளாக இருந்திருந்தால், அந்தப் பதவியைக் கொடுத்து என்ன பிரயோஜனம்?